தாழியும் குதிரைவாலியும்

சித்திரை வெயிலில் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்துக் கரிசல் வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகள் ஆளின் இடுப்பளவு ஆழம் போகும். ஆடு மேய்க்கிறவர்கள் குட்டியின் கால் அதற்குள் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசியில் மழை இறங்கியதும் மண் உப்பிப் பெருத்து வெடிப்பை மூடிவிடும். மேலே கிடந்த ஓட்டுச்சில்லு அதற்குள் கீழே போயிருக்கும். கீழே கிடந்த கல் நாலைந்து பருவம் கழித்து மேலே தலைகாட்டும். தன்னைத்தானே உழுதுகொள்ளும் இந்த வகை மண்ணை மண்ணியலார் வெர்டிசால் என்கிறார்கள். தக்காணத்துக் கரிசல் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து வந்தது. தென்தமிழகத்துக் கரிசலுக்கு எரிமலைத் தொடர்பு கிடையாது. இரும்புச்சத்து மிகுந்த பழம்பாறைகள், மழை குறைந்த வெயில் நாட்டில் நெடுங்காலம் சிதைந்ததால் உருவானது அது.

பருத்திக்கு இந்த மண் வரம். தொல்லியலாளருக்குத் தொல்லை. மண்ணடுக்கில் மேலே இருப்பது புதியது, கீழே இருப்பது பழையது என்ற பாலபாடமே கரிசலில் ஆட்டம் காணும். போதாக்குறைக்கு ஆண்டுதோறும் கலப்பை வேறு. அதனால் இந்த வட்டாரத்தின் முதல் மனிதர்களைத் தேடுகிறவர்கள் கரிசலைத் தாண்டி அதன் ஓரங்களுக்குப் போகிறார்கள். கிழக்கே கடலோரத்துச் செம்மணல் தேரி, தெற்கே தாமிரபரணிக் கரையின் சரளைப் பரம்பு, வடமேற்கே வைப்பாற்றங்கரை மேடு.

தேரியில் கிடைப்பவை நகத்தளவு கற்கருவிகள். சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குட்டம்புளி என்று வரிசையாகப் பல இடங்களில் கிடைத்த இவற்றை எஃப். இ. சாய்னரும் பிரிட்ஜட் ஆல்சினும் ஆராய்ந்து 1956-இல் எழுதினார்கள். கடல்மட்டத்தையும் மணல்மேடுகளையும் வைத்து அவர்கள் போட்ட கணக்கு, இந்தக் கருவிகளைச் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. வைப்பாற்றங்கரையின் வெம்பக்கோட்டையில் 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது இதே வகை நுண்கற்கருவிகளும், சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மைகளும் ஒரே மேட்டில் வந்தன. வேட்டைக்காரன் உட்கார்ந்து கல் உடைத்த இடத்திலேயே பின்னாளில் வளையல் அறுக்கும் பட்டறை நடந்திருக்கிறது.

பரம்பில் கிடைப்பவை தாழிகள். ஆதிச்சநல்லூரில் 114 ஏக்கருக்குப் பரவிய இடுகாடு இருக்கிறது. 1876-இல் பெர்லினிலிருந்து வந்த டாக்டர் யாகோர் அங்கே தோண்டி எடுத்ததைத் தன் ஊருக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொன்னால் தட்டிய நெற்றிப்பட்டம், வெண்கல நாயும் எருமையும், இரும்பு வாள், ஈட்டி, திரிசூலம், நெல் உமி என்று அவர் எடுத்த பட்டியல் நீளமானது. அந்தத் தொகுப்பு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2004-இல் சத்யமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி இறங்கியபோது, சின்ன இடத்துக்குள்ளேயே 150-க்கும் மேற்பட்ட தாழிகள் அடுக்கடுக்காக வந்தன. மூன்று தலைமுறைத் தாழிகள் ஒன்றின்மேல் ஒன்றாக. சாகாமல் கிடந்து சுருங்கிப்போன கிழடுகளை உயிரோடு தாழியில் உட்காரவைத்து, சோறும் விளக்கும் வைத்து மூடினார்கள் என்று ஊரில் சொல்லும் கதையை எலும்புகள் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தைகளும் நடுவயதினரும் தாழிக்குள் இருந்தார்கள். பல தாழிகளில் முழு உடல்கூட இல்லை. வெளியே கிடத்திச் சதை நீங்கியபின் பொறுக்கிய எலும்புகள்.

இங்கிருந்து கதை ஜப்பானுக்குப் போகிறது. போகவைத்தவர் ஒரு மொழி அறிஞர்.

சுசுமு ஓனோ (1919–2008) தோக்கியோவின் ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர். பழைய ஜப்பானிய இலக்கியத்தில் கரை கண்டவர். ஜப்பானிய மொழியின் உறவு எது என்ற கேள்வி அவரை ஆயுள் முழுக்கத் துரத்தியது. 1980 வாக்கில் அவர் தமிழைக் கையில் எடுத்தார். சென்னைக்கு வந்து பொன். கோதண்டராமனோடும், பின்னர் யாழ்ப்பாணத்து அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையரோடும் சேர்ந்து வேலை செய்தார். நூற்றுக்கணக்கான சொற்களை இணை சேர்த்ததோடு அவர் நிற்கவில்லை. ஜப்பானின் வடக்குக் கியூஷுவில் பெரிய மண்தாழிகளில் பிணத்தைப் புதைத்தவர்கள் இருந்தார்கள். தென்னிந்தியாவிலும் அப்படியே. இரண்டு இடத்திலும் பானை ஓடுகளில் கீறல் குறிகள். இரண்டு இடத்திலும் நெல்லும் இரும்பும். தை மாதத்து நம் பொங்கலுக்கு ஏறத்தாழ அதே நாளில் ஜப்பானியர் சிவப்புப் பயறு போட்டுக் கஞ்சி காய்ச்சும் சிறு புத்தாண்டு வேறு. நெல், உலோகம், நெசவு மூன்றையும் கையோடு கொண்டு தமிழர் கடல் வழியே ஜப்பான் போனார்கள் என்பது அவர் வந்துசேர்ந்த முடிவு. தமிழ்நாட்டு மேடைகளில் இது எவ்வளவு கைதட்டல் வாங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானிய மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

ஓனோ எளிதாகத் தள்ளிவிடக்கூடிய ஆள் அல்லர். அவர் கேட்ட கேள்வி நியாயமானது. ஒரே வழக்கம் இரண்டு நாட்டில் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனதா, தனித்தனியே முளைத்ததா? இதற்குப் பதில் சொல்ல ஜப்பானின் பழங்கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அந்தக் கதை 1877-இல் ஒரு ரயில் பயணத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ், தோக்கியோ அருகே ஓமோரியில் ரயில் ஜன்னல் வழியே ஒரு கிளிஞ்சல் மேட்டைக் கண்டார். தோண்டினார். கயிற்றை அழுத்தி அழகு செய்த பானைகள் வந்தன. ஜோமோன் என்று பெயர் பெற்ற இந்தப் பண்பாட்டின் மிகப் பழைய பானை ஓடுகள், வடக்கே ஓதாய் யாமாமோத்தோவில் கிடைத்தவை, ஏறக்குறைய 16,000 ஆண்டுப் பழையவை. பயிர்த்தொழில் வந்தபின்தான் பானை வரும் என்று உலகம் நம்பியிருந்தது. ஜோமோன் மக்கள் உழவர்கள் இல்லை. மீன் பிடித்தும் மான் வேட்டையாடியும் கொட்டை பொறுக்கியும் வாழ்ந்தவர்கள். ஆனாலும் ஊராகத் தங்கினார்கள். அவோமோரியில் இருக்கும் சன்னாய் மருயாமா, 5,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன்பு வரை மனிதர் தொடர்ந்து வாழ்ந்த ஊர். அங்கே கஷ்கொட்டை மரங்களைப் பேணி வளர்த்திருக்கிறார்கள். இறந்த குழந்தைகளைப் பானையில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். ஓனோ சொன்ன நெல் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே அங்கே பிணம் பானைக்குள் போய்விட்டது.

பிறகு நெல் வந்தது. அந்தக் காலம் யாயோய் எனப்படுகிறது. 1884-இல் தோக்கியோவின் ஒரு தெருப்பகுதியில் பானை கிடைத்ததால் வந்த பெயர். யாயோய் தொடக்கம் கி.மு. 4 அல்லது 5-ஆம் நூற்றாண்டு என்றுதான் நெடுநாள் பாடப்புத்தகங்களில் இருந்தது. 2003-இல் ஜப்பானிய தேசிய வரலாற்று அருங்காட்சியகம் பானைகளில் ஒட்டியிருந்த கரியைக் காலக்கணிப்பு செய்து, கி.மு. 10-ஆம் நூற்றாண்டுக்கே அதைத் தள்ளிப் போட்டது. அங்கே பெரிய சண்டை. நம் பக்கமும் தேதிகள் சும்மா இருக்கவில்லை. ஆதிச்சநல்லூரில் 2004-இல் எடுத்தவை கி.மு. 905-க்கும் 696-க்கும் இடைப்பட்டவை என்று 2019-இல் தெரியவந்தது. அதற்கு வடகிழக்கே சிவகளைப் பரம்பில் ஒரு தாழிக்குள் இருந்த நெல் உமி கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் கா. ராஜனும் ர. சிவானந்தமும் வெளியிட்ட அறிக்கை, சிவகளை இரும்பைக் கி.மு. 3345 வரை கொண்டுபோனது. இந்தக் கடைசித் தேதியை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. உலகில் வேறெங்கும் இல்லாத பழமை என்பதால் இன்னும் பல இடங்களில் இன்னும் பல மாதிரிகள் வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஓனோ இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். இரண்டு நாட்டின் நெல்லும் ஒரே காலத்தை நோக்கி நகர்ந்திருக்கிறது. தேதி பொருந்துவது மட்டும் போதாது. ஜப்பானுக்கு வந்த நெல் குட்டைமணி ஜப்போனிகா. யாங்சி ஆற்றுப் பக்கம் பழக்கப்பட்டு, கொரியத் தீபகற்பம் வழியே வந்தது. கூடவே வந்த கதிரறுக்கும் கல்கத்திகள் கொரியாவில் கிடைப்பவற்றின் அச்சு. கொரியாவுக்கும் கியூஷுவுக்கும் நடுவே சுஷிமா தீவு இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து பூசன் கரை கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு பக்கத்தில் வழி இருக்கும்போது வங்கக் கடலைத் தாண்டி ஆட்கள் வர வேண்டிய அவசியம் நெல்லுக்கு இல்லை.

தாழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சகா மாகாணத்து யோஷினோகாரியில் 1986-இல் தொடங்கிய அகழ்வில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. பெரும்பாலும் இரண்டு தாழிகளை வாயோடு வாய் சேர்த்துப் படுக்கவைத்து, உடலை முழங்கால் மடக்கி உள்ளே கிடத்தியிருக்கிறார்கள். ஒன்றில் தலையில்லாத எலும்புக்கூடு. சிலவற்றில் அம்புமுனைகள். மேட்டுக்கல்லறை ஒன்றில் வெண்கலக் குத்துவாளும் நீலக் கண்ணாடிக் குழல்மணிகளும். நம் தாழி நின்றபடி புதைபடுவது. வாயில் ஒரு மூடி. ஆதிச்சநல்லூரில் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்த இரட்டைத் தாழியும் உண்டு என்றாலும் அது நிமிர்ந்தே நிற்கிறது. இன்னொன்று, ஜப்பானின் தாழிப் புதைப்பு உச்சத்துக்கு வந்தது கி.மு. 2, 1-ஆம் நூற்றாண்டுகளில், நெல் வந்து எட்டு நூறு ஆண்டு கழித்து, அதுவும் வடக்குக் கியூஷு என்ற ஒரு மூலையில் மட்டும். நெல்லோடு கப்பலில் வந்திறங்கிய வழக்கம் இப்படி நடந்துகொள்ளாது. ஸ்பெயினின் எல் அர்காரிலும் பிலிப்பைன்ஸ் குகைகளிலும் மனிதர்கள் தாழியில் புதைந்திருக்கிறார்கள். பெரிய பானை செய்யத் தெரிந்த எந்த ஊருக்கும் இந்த யோசனை வரும்.

இதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கரிசல்காட்டிலேயே விளைந்து நிற்கிறது. குதிரைவாலி. புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரியாக விதைத்துத் தொண்ணூறு நாளில் அறுக்கும் தானியம். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்தில் நெல்லுச்சோறு அரிதாக இருந்த காலத்தில் வயிற்றை நிரப்பியது. ஜப்பானின் வடகோடியிலும் ஒரு குதிரைவாலி இருக்கிறது. அங்கே அதற்கு ஹியே என்று பெயர். குளிர் தாங்கும் நெல் வகைகள் வரும்வரை இவாத்தே மலைநாட்டின் அன்றாடச் சோறு அதுதான். ஹொக்கைதோவின் ஐனு மக்கள் அதில் மது காய்ச்சினார்கள். இரண்டு கதிரையும் பக்கத்தில் வைத்தால் கரிசல் விவசாயியே ஒரு நிமிடம் யோசிப்பார். ஆனால் நம் குதிரைவாலியின் காட்டு மூதாதை வேறு, ஜப்பானியக் குதிரைவாலியின் காட்டு மூதாதை வேறு. இரண்டு புல், இரண்டு நாடு, இரண்டு தனித்தனி வேளாண் முயற்சி. இரண்டையும் கலப்பு செய்தால் வரும் செடி விதை பிடிக்காது. கனடாவைச் சேர்ந்த தொல்தாவரவியலாளர் கேரி கிராஃபோர்ட் ஹொக்கைதோவின் ஜோமோன் ஊர்களில் கருகிக் கிடந்த ஹியே விதைகளை அளந்து, காலம் போகப்போக அவை பெருத்துவந்ததைக் காட்டினார். உழவர் அல்லாதவர்கள் என்று எண்ணப்பட்ட ஜோமோன் மக்கள் ஒரு புல்லைப் பயிராக்கும் பாதையில் இறங்கியிருந்தார்கள். கோவில்பட்டிக்கு வந்து யாரும் விதை வாங்கிப் போகவில்லை.

பானையும் பயிரும் நகல் எடுக்கப்படலாம், தனியாகவும் தோன்றலாம். டிஎன்ஏ அப்படியில்லை. அதனால் ஆய்வு எலும்புக்குள் போனது. 1930-இலேயே சாலி சுக்கர்மன் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை அளந்து எழுதினார். ஜப்பானில் கசுரோ ஹனிஹாரா, மண்டையோடும் பல்லும் அளந்து 1991-இல் ஒரு முடிவு சொன்னார். பழங்குடி ஜோமோன் மக்கள்மேல் கண்டத்திலிருந்து வந்த யாயோய் உழவர்கள் கலந்ததே இன்றைய ஜப்பானியர் என்பது அது. 2021-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஷிகேகி நகாகோமே குழு, பழங்கால எலும்புகளின் முழு மரபணுவைப் படித்து மூன்றாவது அடுக்கு ஒன்றைச் சேர்த்தது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு, மன்னர்களுக்குப் பெரும் மண்மேட்டுக் கல்லறைகள் எழுந்த கோஃபுன் காலத்தில், கிழக்காசியாவிலிருந்து இன்னொரு கூட்டம் வந்து கலந்திருக்கிறது. இன்றைய பெருந்தீவு ஜப்பானியரிடம் ஜோமோன் பங்கு பத்தில் ஒன்று, அல்லது சற்று மேல். ஐனு மக்களிடம் அது பாதிக்கும் மேல். இந்த மூன்று அடுக்கிலும் தென்னிந்தியத் தடம் இல்லை.

உறவே இல்லையா என்றால் இருக்கிறது, ஓனோ தேடிய காலத்தைவிட வெகு ஆழத்தில். ஆண்வழியில் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமில் எம்130 என்றொரு அடையாளம் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து முதலில் கிளம்பி ஆசியாவின் தென்பக்கமாகப் பரவியவர்களின் தடம் என்று கருதப்படுவது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ராமசாமி பிச்சப்பன் அதை மதுரைக்கு மேற்கே உள்ள ஊர்களில் கண்டார். அதே அடையாளத்தின் வேறொரு கிளை ஜப்பானிய ஆண்களில் நூற்றுக்கு ஐந்து பேரிடம் இருக்கிறது. அது ஜோமோன் வழி வந்தது. இரண்டு கிளையும் பிரிந்து நாற்பதாயிரம் ஆண்டுக்கும் மேலாகிறது. எம்130 அல்லாத இன்னொரு பழங்கிளை ஜப்பானிய ஆண்களில் மூன்றில் ஒருவரிடமும் அந்தமானின் ஓங்கே மக்களிடமும் இருக்கிறது. தாழியும் நெல்லும் இரும்பும் யாருக்கும் தெரியாத காலத்துச் சொந்தம் அது. அவ்வளவு பழைய சொந்தத்தை வைத்துப் பொங்கலை விளக்க முடியாது.

ஜப்பானுக்கு மூன்று அடுக்கு என்றால் கரிசலுக்கு எத்தனை? தேரியில் கல் உடைத்தவர்கள் ஓர் அடுக்கு. பரம்பில் தாழி புதைத்தவர்கள் ஓர் அடுக்கு, அவர்களே முன்னவர்களின் பேரப்பிள்ளைகளாகவும் இருக்கலாம். கரிசலை இன்று கரிசலாகக் காட்டும் பயிர்களே வந்தேறிகள். சோளமும் கம்பும் ஆப்பிரிக்காவில் பிறந்து நாலாயிரம் ஆண்டுக்கு முன்பு இந்தியாவுக்கு வந்தவை. வத்தல் மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியே வந்து ஐந்நூறு ஆண்டுதான் ஆகிறது. ஊர்களில் பலவும் அப்படித்தான். 16-ஆம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சி அமைந்து விசுவநாத நாயக்கர் பாளையங்களைப் பிரித்த காலத்திலும் அதன் பின்னும், தெலுங்கு பேசும் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக இந்த வறண்ட நிலத்துக்கு வந்து குடியேறின. இடைசெவல் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ அப்படி வந்தவர்கள் காட்டை எரித்து நிலமாக்கிய கதை. ஜப்பானிலும் எரிமலைச் சாம்பலில் உருவான கறுப்பு மண் பரப்புகள் உண்டு. அந்தக் கறுப்புக்கு ஒரு காரணம், ஜோமோன் காலம் தொட்டு மனிதர்கள் புல்வெளிக்கு வைத்த தீயின் கரித்துகள் என்கிறார்கள். அந்த மண் புளிப்பானது, எலும்பைத் தின்றுவிடும். ஜோமோன் எலும்புகள் கிளிஞ்சல் மேடுகளில் தப்பியதற்குக் கிளிஞ்சலின் சுண்ணாம்பே காரணம்.

தமிழ்நாட்டுத் தாழி எலும்புகளுக்கு அந்தச் சுண்ணாம்புக் காவல் இல்லை. மூவாயிரம் கோடைகளின் வெப்பம் டிஎன்ஏவைத் துண்டுதுண்டாக உடைத்துவிடும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பழங்கால டிஎன்ஏ ஆய்வுக்கூடம் அமைத்து, தொல்லியல் துறை தோண்டித் தரும் எலும்புகளிலிருந்து அதைப் பிரிக்கப் பார்க்கிறார்கள். உட்காதைச் சூழ்ந்துள்ள கெட்டியான எலும்பும் பல்லும்தான் நம்பிக்கை. சிவகளைத் தாழிக்குள் இருந்தவர் யார் என்பதற்கு ஜப்பானியர் பெற்ற அளவு துல்லியமான பதில் வந்தால், அது இந்த வழியில்தான் வர வேண்டும்.

கடல் வழியே இந்தியர் ஒருவர் ஜப்பானில் கரையேறிய செய்தி எழுத்தில் பதிவாகியிருக்கிறது. தாழிக் காலத்துக்கு வெகு பின்னால். அவர் கொண்டுபோனதும் நெல் அல்ல. கி.பி. 799-இல் மிக்காவா கரையில் சிறு படகொன்று ஒதுங்கியது. உள்ளே இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன். யாருக்கும் அவன் பேச்சு புரியவில்லை. ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒன்றை மீட்டி ஏக்கமாகப் பாடுவான். ஜப்பானிய மொழி பழகிய பிறகு, தான் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னான். அவன் பொருட்களுக்கிடையே பருத்தி விதை இருந்தது. மறு ஆண்டே அரசு அதைத் தெற்கு மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, விதைக்கும் முறையையும் எழுதி அனுப்பியது. வெயில் விழும் நல்ல நிலமாகப் பார்க்க வேண்டும். நாலடிக்கு ஒரு குழி. விதையை ஓரிரவு ஊறவைத்துக் குழிக்கு நாலு போட வேண்டும். தினமும் காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஐப்பசி மழையில் விதைத்து மிச்சத்தை மண்ணின் ஈரத்துக்கும் பனிக்கும் விட்டுவிடும் கருங்கண்ணிப் பருத்திக்காரர் யாரும் அந்தக் கடைசி வரியைப் படித்தால் சிரித்துவிடுவார். அந்தப் பயிர் அங்கே பிழைக்கவில்லை. ஜப்பானில் பருத்தி மறுபடி வேர்பிடித்துப் பரவியது 15, 16-ஆம் நூற்றாண்டுகளில், சீனா, கொரியா வழியே வந்த விதையில்.